முகட்டுக்கு இடப்பக்கம்

1974 ஆகஸ்டு 5, திங்கள்

இன்று டிப்ளமா மாலை வகுப்பில் தவறு செய்தேன். கார் இன்ஜினின் வரைபடத்தில் முறுக்குவிசையின் உச்சம் எங்கே வரும் என்று நாராயணஸ்வாமி சார் கேட்டார். நான் பலகைக்குப் போய், திறன் உச்சமாக இருக்கும் வலது ஓரத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். வேகம் கூடக் கூட இன்ஜினுக்குப் பலமும் கூடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"ஜெயகரன், பகல்ல எங்க வேலை உங்களுக்கு?" என்று சார் கேட்டார்.

தொழிற்சாலையில் டீசல் இன்ஜின் சோதனைக் கூடத்தில் டிரேசர் என்றேன். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்டுத் தரும் கோடுகளை மையில் நகல் எடுக்கிற வேலை.

"அப்போ இந்தக் கோட்டை எத்தனையோ தடவை வரைஞ்சிருப்பீங்க."

"ஆமா சார்."

"ஒரு தடவைகூடப் பாத்ததில்ல." வகுப்பு சிரித்தது. "உக்காராதீங்க. எங்க தப்புன்னு உங்களுக்கே தெரியற வரைக்கும் அங்கயே நில்லுங்க. மத்தவங்க எழுதிக்கோங்க."

வகுப்பு முடியும்வரை பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். புரிந்ததா என்று தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

முறுக்குவிசை என்பது இன்ஜின் தன் தண்டை எவ்வளவு அழுத்தித் திருகுகிறது என்பது. அந்தத் திருகல் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் திறன். குறைந்த வேகத்தில் சிலிண்டருக்குள் காற்று சோம்பலாக வருகிறது, வந்ததில் கொஞ்சம் திரும்பியும் போய்விடுகிறது. நடு வேகத்தில் நன்றாக நிரம்புகிறது. அங்கேதான் ஒவ்வொரு வெடிப்பும் பலமான அடியாக விழுகிறது. இன்னும் வேகம் போனால் வால்வு திறந்து மூடுவதற்குள் காற்றுக்கு உள்ளே வர நேரம் போதாது. ஒவ்வொரு அடியும் மெலிகிறது. ஆனால் அடிகள் அதிகமாக விழுவதால் திறன் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் ஏறுகிறது. ஆகவே முறுக்குவிசைக் கோடு நடுவில் முதுகு தூக்கிய குன்று. திறன் கோட்டின் உச்சி அதற்கு வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. நான் புள்ளி வைத்தது அங்கே.

வீட்டில் இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"வாத்தியார் நிக்க வெச்சுட்டாரோ?" என்று மோசஸ் அத்தான் அக்காவைப் பார்த்தார். "மெட்டில்டா, கேட்டியா? நமக்கு வாய்ச்ச வக்கீலு பெஞ்சு மேல நிக்கான்."

"பெஞ்சு மேல இல்ல அத்தான். பலகை பக்கத்துல."

"அப்பம் சரி. ஜெயிச்சிருவோம்."

அக்கா சிரிக்கவில்லை. "சோறு ஆறுது, ரெண்டு பேரும் வாங்க" என்றாள்.

அத்தான் எங்கள் தொழிற்சாலையில் ஸ்டாஃப் பஸ் டிரைவர். நாங்கள் குடியிருக்கும் லோத்குண்டாவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி. போன மாதம், ராணுவ நிலத்தை ஒட்டிய மேட்டில், பஸ் பாதி ஏறியதும் இன்ஜின் திணறி நின்றுவிட்டது. இன்ஜின் நின்றால் அந்த வண்டியில் பிரேக் கல்லாகிவிடும், மிதித்தாலும் பிடிக்காது. ஆள் நிறைந்த பஸ் பின்னால் உருண்டது. பின்பக்க ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளில் வந்த, லேத் ஓட்டும் டர்னர் குணசேகரன் அடியில் போனார். சைக்கிளில் வருகிறவர்கள் எல்லோரும் அந்த மேட்டில் அப்படித்தான் ஏறுவார்கள். அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

அத்தான் மேல் குற்றச்சாட்டு, கவனக்குறைவாக ஓட்டியது. நிரூபணமானால் வேலை போகும். அந்தப் பெயரோடு வெளியே போனால் யாரும் அவர் கையில் ஸ்டியரிங்கைத் தரமாட்டார்கள். விசாரணையில் அவருக்கு உதவியாக ஒரு சக ஊழியர் உட்காரலாம் என்பது விதி. குணசேகரன் யூனியன் கமிட்டி ஆள் என்பதால் யூனியன் வரவில்லை. மற்ற டிரைவர்களும் வரவில்லை. நான் போகிறேன் என்றேன். எனக்கு இந்த வேலை வருமா என்று தெரியவில்லை. வேறு யாருமில்லை.

1974 ஆகஸ்டு 8, வியாழன்

இன்று வகுப்பில் என்னை "பலகை" என்று கூப்பிட்டார்கள். சாரும் ஒரு முறை கூப்பிட்டார்.

ஆனால் இன்று கேட்டது போல எதையும் நான் இதுவரை கேட்டதில்லை. சார் அந்தக் குன்றை வரைந்து, உச்சியிலிருந்து நேராக ஒரு கோடு இறக்கி இரண்டாகப் பிரித்தார்.

"வண்டி மேடேறுது. பாரம் இன்ஜினை இழுக்குது, வேகம் குறையுது. இன்ஜின் முகட்டுக்கு வலப்பக்கம் நின்னா என்ன ஆகும்? வேகம் குறையக் குறைய முறுக்குவிசை ஏறும். தானா சமாளிச்சுக்கும். டிரைவர் தூங்கினாலும் மன்னிச்சிடும். இடப்பக்கம் நின்னா? வேகம் குறைஞ்சா முறுக்குவிசையும் குறையும். அது குறைஞ்சா வேகம் இன்னும் குறையும். அப்புறம் கடவுள் வந்தாலும் நிறுத்த முடியாது. வலப்பக்கம் மன்னிக்கும், இடப்பக்கம் மன்னிக்காது. என்ன பலகை, புரியுதா?"

புரிந்தது. அந்த மேடு என் கண் முன்னால் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டேன். பஸ்ஸின் எடை, அன்று நின்றுகொண்டு போன கூட்டம், மேட்டின் சரிவு, கியர் விகிதம், சக்கரத்தின் அளவு. டிரான்ஸ்போர்ட் பிரிவு டீசல் சேமிப்பதற்காக இரண்டாவது பஸ்ஸை நிறுத்தியிருந்ததால் இரண்டு பஸ் கூட்டம் ஒன்றில் இருந்தது. அத்தான் வழக்கம்போல இரண்டாம் கியரில் ஏறினார். அதற்கு இன்ஜின் இருபத்தெட்டு கிலோகிராம் மீட்டர் முறுக்குவிசை தர வேண்டும். மூன்று முறை போட்டுப் பார்த்தேன், அதே விடைதான்.

அந்த இன்ஜின் முகட்டில் மட்டும்தான் அவ்வளவு தரும் என்றால், நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுப் பக்கம் வந்ததும் விட்டுவிடும் என்றால், யார் ஓட்டினாலும் நின்றிருக்கும். குற்றம் அவ்வளவு பேரை ஏற்றச் சொன்னவர்களுடையது. அந்த இன்ஜினையே எங்கள் சோதனைக் கூடத்தில் ஏற்றிக் கோடு எடுத்தால் தெரிந்துவிடும்.

அத்தானிடம் இதைத் தாளில் வரைந்து காட்டினேன்.

"இந்தக் குன்று எந்த ஊர்ல இருக்கு?" என்றார்.

"இன்ஜினுக்குள்ள அத்தான்."

"நான் ஏறுன மேடு வெளியில லா இருந்துச்சு." தாளைத் திருப்பித் தந்தார். "இங்க பாரு மாப்ள. ஒரு மாசமா அந்த வண்டில உசிரே இல்ல. தரையோட சேத்து மிதிச்சாலும் ஒறங்குது. சொன்னேன். 'இது டீசல் மிச்சம் பண்ணுத மாசம், மெதுவாப் போ'ன்னுட்டான் ஷெட்டுக்காரன். அதை எழுது."

டிரைவர்கள் எல்லோரும் வண்டியைத்தான் குறை சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் அதை எழுதவில்லை. இன்ஜினைச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் மனு எழுதினேன்.

1974 ஆகஸ்டு 9, வெள்ளி

மனுவை டிரான்ஸ்போர்ட் அதிகாரி ஜம்புநாதன் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். மறுப்பார் என்று எண்ணி, பதிலுக்குச் சொல்ல வேண்டியதை வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இன்ஜினை உங்க டெஸ்ட் ஹவுஸ்ல ஏத்தணும், அவ்வளவுதானே?"

"ஆமா சார்."

"வழக்கமா பண்ற மாதிரிதானே?"

"வழக்கம்போலத்தான் சார். தனியா எதுவும் இல்ல." அவருக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று அவசரமாகச் சொன்னேன்.

"தாராளமா பண்ணுங்க தம்பி. விஞ்ஞானம் சொன்னா யார் மறுக்க முடியும்?" அங்கேயே கையெழுத்துப் போட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார். எழுந்து வந்து கதவுவரை விட்டார்.

நல்ல மனிதர் என்று அக்காவிடம் சொன்னேன்.

1974 ஆகஸ்டு 13, செவ்வாய்

இன்று சோதனை நடந்தது.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் ஏறும் எந்த இன்ஜினும் அதன் டீசல் பம்ப் முதலில் பம்ப் அறைக்குப் போகாமல் ஏறாது. அங்கே பெருமாள் அதைத் தனியாக ஓட்டி, புத்தகத்தில் உள்ள அளவுக்கு டீசல் விழும்படி திருகி, ஈய முத்திரை வைத்துத் தருவார். பம்ப்பின் குறையும் இன்ஜினின் குறையும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்படுத்தியது. யாரும் யோசித்துச் செய்வதில்லை. அரிசியைக் களையாமல் உலையில் போடுகிறோமா, அது மாதிரி.

பம்ப்பைக் கழற்ற வேண்டிய ஃபிட்டர் வரவில்லை. போல்ட்டுகளைக் கழற்றி, பம்ப்பை இடுப்பில் தாங்கி நானே பெருமாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பழைய முத்திரையைக் கத்தரிக்கும்போது நான் ஜன்னலோரம் கிராஃப் தாளில் அச்சுக் கோடுகளைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்ஜின் தண்ணீர் பிரேக்கோடு பூட்டப்பட்டது. பிரேக்கை இறுக்க இறுக்க வேகம் இறங்கும். ஒவ்வொரு வேகத்திலும் ஆபரேட்டர் முள்ளைப் படித்துக் கத்துவார், நான் எழுதுவேன். மேலிருந்து கீழே வந்தோம். ஒவ்வொரு புள்ளியும் போன புள்ளிக்கு மேலே போய் உட்கார்ந்தது. ஆயிரத்து ஐந்நூறு சுற்றில் முப்பதரை. பிறகு மெதுவாக, ஒரே சீராக இறங்கியது. ஆயிரத்து இருநூறில்கூட இருபத்தெட்டு.

புள்ளிகளைச் சேர்த்ததும் ஒரு பிசிறுகூட இல்லை. அகலமான, தட்டையான முதுகு. பாடப் புத்தகத்தில்கூட இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. தாளைத் தூரமாக நீட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இதை எழுதத்தான் வேண்டும், சந்தோஷப்பட்டேன். இந்த இன்ஜின் அந்த மேட்டைத் தாராளமாக ஏறும் என்பது அதற்குப் பிறகுதான் மனதில் வந்தது.

டீ நேரத்தில் பெருமாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா சார், ஒங்க மச்சான் வண்டி பம்ப்பை எவன் சார் அப்டி கட்டி வெச்சிருந்தான்? பச்சப்புள்ளைக்கு சங்குல பால் ஊத்துற மாதிரி ஊத்திக்கினு இருந்துச்சி."

"என்ன சொல்றீங்க?"

"டீசலு. புக்கு அளவுல அஞ்சுல ஒரு பங்கு கம்மி. நான் ஏத்தி வுட்டேன்."

டீயைக் கீழே வைத்தேன். ஐந்தில் ஒரு பங்கு டீசல் குறைந்தால் முறுக்குவிசையும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். கோட்டின் வடிவம் அப்படியேதான் இருக்கும், குன்று மொத்தமாகத் தரையை நோக்கி இறங்கிவிடும். முகட்டிலேயே இருபத்து நாலரைதான். மேட்டுக்கு இருபத்தெட்டு வேண்டும். அத்தான் எப்படி ஓட்டியிருந்தாலும் இரண்டாம் கியரில் அந்த பஸ் ஏறியிருக்காது. வண்டியில் உசிர் இல்லை என்றால் இதுதான்.

"வந்தப்ப எவ்வளவு இருந்ததுன்னு எழுதி வெச்சீங்களா?"

"வர்றதை எவன் எழுதுவான்? போறதைத்தான் எழுதுவோம். ஒனக்குத் தெரியாதா?"

"விசாரணையில வந்து சொல்வீங்களா?"

பெருமாள் சிரித்துக்கொண்டே எழுந்தார். "நக்கோ சார், வேணாம். எனக்கு சார்ஜ்மேன் இன்டர்வியூ வருது. அதுல ஜம்புநாதன் ஐயா ஒக்காருவாரு. கைக்கு எனக்கு இந்த வம்பு?"

"அத்தான் வேலை போயிடும் பெருமாள்."

"நானா போய் பம்ப்பைக் கயட்டினேன்? நீதான் புள்ளைய தூக்கியார மாதிரி தூக்கியாந்த. தொடாதேன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

சொல்லவில்லை.

1974 ஆகஸ்டு 15, வியாழன்

கொடியேற்றத்துக்குப் போனேன். மிட்டாய் கொடுத்தார்கள். டீசல் சேமிப்பில் முதலிடம் என்று டிரான்ஸ்போர்ட் பிரிவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஜம்புநாதன் வாங்கிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். எதற்குத் தட்டுகிறேன் என்று தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. எல்லா பஸ்ஸிலும் பம்ப்பைக் குறைத்திருப்பார்கள் அல்லவா? மற்ற வண்டிகளில் இன்னும் அப்படியே இருந்தால் காட்டலாம். விடுமுறை என்பதால் வண்டிகள் ஷெட்டில் நின்றன. ஒவ்வொன்றாக மூடியைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் புது ஈயம், பளபளவென்று.

"க்யா தேக்ரே பாய்?" என்று மெக்கானிக் பின்னால் வந்து நின்றார்.

முத்திரையைப் பார்க்கிறேன் என்றேன்.

அவர் சிரித்தார். ஆக்சிடென்ட் நடந்த அந்த வாரமே எல்லாவற்றையும் பழைய அளவுக்கு மாற்றியாகிவிட்டது என்றார். உன் மச்சான் வண்டி மட்டும் விசாரணைக்காகப் பூட்டிக் கிடந்தது, அதைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. "வோ ஏக் இச் பாக்கி தா" என்று ஒரு விரலைக் காட்டினார். மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாசல் படியில் உட்கார்ந்து மிட்டாயைத் தின்றுகொண்டே கேட்டார். நான் கொண்டுவந்த மிட்டாய்.

"அப்பம் ஊருலயே ஒரு பம்ப்புதான் உண்மையச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

"ஆமா அத்தான்."

"அதை நீ கொண்டுபோய் கழுவிட்ட."

"வழக்கம் அத்தான். யோசிக்காம..."

"அவனுவ கை படாம ஒரு மாசம் கெடந்துருக்கு. ஒரு பயலுக்குத் தொட துணிச்சல் இல்ல. என் மச்சினன் மனு எழுதி, கையெழுத்து வாங்கி, இடுப்புல தூக்கிட்டுப் போயிருக்கான்." அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "மெட்டில்டா, ஒன் தம்பி டிப்ளமா முடிக்கதுக்குள்ள நம்மள தூக்குல போட்டுருவான். அப்புறம் கயிறு எவ்வளவு இழுத்துச்சுன்னு கோடு போட்டுக் காட்டுவான்."

"பேசாம இருங்க" என்றாள் அக்கா. அவரைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று தெரியவில்லை.

1974 ஆகஸ்டு 20, செவ்வாய்

விசாரணை நடந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

பர்சனல் பிரிவின் லக்ஷ்மிநாராயணன் விசாரணை அதிகாரி. நிர்வாகத்தின் பக்கம் ஜம்புநாதன். சோதனை அறிக்கை எங்கள் தரப்பு ஆவணமாக ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. அதைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். உங்கள் மனுவின் பேரில் வந்தது, பெற முடியாது என்றார் லக்ஷ்மிநாராயணன். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. ஜம்புநாதன் எங்களிடம் மட்டும் தமிழில் கேட்டார்.

"இந்தக் கோடு யார் வரைஞ்சது?"

"நான்தான் சார்."

"ரொம்ப அழகா இருக்கு. பயப்படாதீங்க தம்பி, ஒரு சந்தேகம்தான். கூட்டம் நிறைஞ்ச பஸ் அந்த மேட்டை செகண்ட்ல ஏற எவ்வளவு டார்க், அதான் முறுக்குவிசை, வேணும்? நீங்க கணக்குப் போட்டிருப்பீங்களே."

"இருபத்தெட்டு."

"இந்த இன்ஜின் எவ்வளவு தருது?"

"முகட்டில் முப்பதரை."

"எங்கேருந்து எங்கே வரைக்கும் இருபத்தெட்டுக்குக் குறையாம இருக்கு?"

"ஆயிரத்து இருநூறு சுற்றிலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரை."

"நல்ல அகலமான இடம், இல்லையா?"

"அகலமான இடம்தான்."

"அப்போ வண்டி நிக்கணும்னா டிரைவர் என்ன பண்ணியிருக்கணும்?"

நான் மேஜைமேல் இருந்த கோட்டைப் பார்த்தேன்.

"நான் காலேஜ் படிச்சு முப்பது வருஷம் ஆச்சு, மறந்துட்டேன். நீங்கதான் ஈவினிங் கிளாஸ் போறவர். சொல்லிக் குடுங்க."

"ஆயிரத்து இருநூறுக்குக் கீழே வேகத்தை விட்டிருக்க வேண்டும்."

"விட்டா?"

"முறுக்குவிசை குறையும். குறைந்தால் வேகம் இன்னும் குறையும்."

"அதுக்கு ஏதோ சொல்வாங்களே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு?"

"முகட்டுக்கு இடப்பக்கம்."

"இடப்பக்கம்" என்று மெதுவாகச் சொல்லி, எழுதுகிறவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார்.

அப்போது நான் எழுந்து பம்ப்பைப் பற்றிச் சொன்னேன். விபத்து நடந்தபோது டீசல் அளவு ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டிருந்தது என்றேன்.

"பம்ப்பை வண்டியிலேருந்து கழற்றினது யார்?"

"நான்."

"குறைஞ்சிருந்ததை நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதைப் பொய் என்று சொல்லக்கூடியவர் பெருமாள் ஒருவர்தான். அவரும் வெளியே இருந்தார். வாயைத் திறந்தேன். பம்ப் அறையின் ஜன்னலோரம் குனிந்து அச்சுக் கோடு போட்டுக்கொண்டிருந்த என் முதுகுதான் எனக்கு நினைவு வந்தது.

"பார்க்கவில்லை."

"யார் சொன்னாங்க?"

பெயரைச் சொன்னேன். பெருமாளைக் கூப்பிட்டார்கள். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்து, பம்ப் சரியான அளவில்தான் வந்தது, முத்திரை மட்டும் மாற்றினேன் என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார்.

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஜம்புநாதன் மறுபடியும் என் பக்கம் திரும்பினார்.

"சரி தம்பி. நீங்க சொல்றதே உண்மைன்னு வெச்சுக்குவோம். பம்ப் குறைஞ்சுதான் இருந்தது. முகட்டுல எவ்வளவு வரும்?"

"இருபத்து நாலரை."

"முதல் கியர்ல ஏற எவ்வளவு போதும்?"

அதையும் நான் கணக்குப் போட்டிருந்தேன். என் வழக்கம் அது, கேட்காததையும் போட்டு வைப்பேன்.

"பதினேழு."

"அப்போ முதல் கியர்ல?"

"ஏறியிருக்கும்."

"சந்தேகமே இல்லாம?"

"சந்தேகமில்லாமல்."

அத்தான் எழுந்துவிட்டார். "ஓடுத வண்டில அந்த கியர்பாக்ஸ்ல ஃபர்ஸ்ட் விழாது சார்! நிறுத்தித்தான் போடணும். மேட்டு நடுவுல நிறுத்துனா உருளாம என்ன செய்யும்?"

"உக்காருங்க மோசஸ். நடுவுல ஏன் நிறுத்தணும்? கூட்டம் அதிகம்னு தெரியும், வண்டியில உயிர் இல்லைன்னும் தெரியும்னு நீங்களே சொல்றீங்க. மேட்டுக்குக் கீழேயே நிறுத்தி ஃபர்ஸ்ட் போட்டு ஏறியிருக்கலாமே?"

"ஆறு வருஷமா செகண்ட்லதான் ஏறுதேன்."

"அன்னைக்கும் செகண்ட்லதான்."

"ஆமா."

"எழுதிக்கோங்க" என்றார் ஜம்புநாதன்.

வெளியே வந்ததும் கான்டீன் வாசல் குழாயில் அத்தான் முகம் கழுவினார். நான் துண்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா ஒன் நாக்கு அழுகிருமா?"

"பாக்கலியே அத்தான்."

"அவனுவ எல்லாம் பாத்தா சொன்னானுவ?" சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பதினேழாம். சந்தேகமில்லாம. கேக்காமலே போட்டு வெச்சிருக்கான் பாரு."

பஸ்ஸில் அவர் முன்னால் நின்றார், நான் பின்னால் நின்றேன். அந்த மேட்டில் டிரைவர் கீழேயே நிறுத்தி முதல் கியர் போட்டு ஏறினார். இப்போது எல்லோரும் அப்படித்தான் ஏறுகிறார்களாம்.

1974 ஆகஸ்டு 30, வெள்ளி

மத்தியானம் தொழிற்சாலையில் உத்தரவு கொடுத்தார்கள். குற்றம் நிரூபணம், வேலை நீக்கம். காரணங்களில் முதலாவதாக எங்கள் தரப்பு ஆவணத்தைச் சொல்லியிருந்தார்கள், இரண்டாவதாக உதவியாளரின் வாக்குமூலத்தை. உதவியாளர் நான்.

அத்தான் உத்தரவைப் படிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"தம்பி," என்றாள் அக்கா. விசாரணை நடந்த அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியது இன்றுதான். "அவர் தனியாப் போய் தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னுருந்தா இன்கிரிமென்ட்ட வெட்டிட்டு விட்டுருப்பாவளாம். எல்லாரும் சொல்லுதாவ."

"யார் சொல்றா அக்கா?"

"எல்லாருந்தான்." என் தட்டில் சோறு போட்டாள். "சாப்பிடு. நீ நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்ச. அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவள் சொன்னது சரியா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்க முடியாத விஷயம்.

சாயங்கால வகுப்புக்குப் போனேன். போகாமல் இருந்தால் வீட்டில் இருக்க வேண்டும். கோட்டின் நகலை நாராயணஸ்வாமி சார் கேட்டிருந்தார், கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வகுப்புக்குக் காட்டினார். "பாருங்க, இதுதான் முறுக்குவிசைக் கோடு. பலகை தேறிட்டார்." கை தட்டினார்கள். எந்த வண்டியின் இன்ஜின் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்கு முன்பே, ஷிப்ட் முடியும் நேரத்தில், ஜம்புநாதன் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். டிரைவர்கள் ஓய்வறையில் மாட்டுவதற்கு அந்தக் கோடு பெரிய அளவில் வேண்டுமாம். எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பது பச்சையில், எதற்குக் கீழே போகக் கூடாது என்பது சிவப்பில். "உங்க கைதான் வேணும் தம்பி. வேற யார் போட்டாலும் இவ்வளவு சுத்தமா வராது" என்றார்.

சரி என்றேன்.

அத்தான் இன்னும் வரவில்லை. அக்கா விளக்கை அணைக்காமல் படுத்திருக்கிறாள்.

நாளை: காலையில் அத்தானின் காக்கி உடுப்பு இரண்டையும் ஸ்டோரில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு பெரிய தாளில் கோடு. ஆயிரத்து இருநூறு முதல் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரை பச்சை, அதற்கு இடப்பக்கம் முழுதும் சிவப்பு. எழுத்து தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும். பத்தடி தூரத்திலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும்.